மில்பிடாஸுக்குப் போய்த் திரும்பிய டயர்

சனிக்கிழமை மதியம் சான் பிரான்சிஸ்கோவில் இறங்கினேன். பெட்டிக்குள் திருச்சியில் வாங்கிய சைக்கிள் டயர் ஒன்றைச் சுருட்டி வைத்திருந்தேன். மகன் ஆல்வின் கேட்டது. "இங்க ரிப்பேருக்குக் கொடுக்கிற காசுல வேற சைக்கிளே வாங்கிடலாம்ப்பா. இருபத்தெட்டு இன்ச் டயர் ஒண்ணு எடுத்துட்டு வாங்க" என்று போனில் சொல்லியிருந்தான். அவனைப் பார்க்கவென்றுதான் டிக்கெட் போட்டிருந்தோம். அதற்குள் ஒருநாள் தூக்கத்திலேயே அவன் இதயம் நின்றுவிட்டது. உடலை ஊருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தோம். அவன் அறையைக் காலி செய்ய அதே டிக்கெட்டில் நான் மட்டும் வந்தேன். டயரை விட்டுவிட்டு வர மனமில்லை.

அவனோடு தங்கியிருந்த செல்வின் காரோடு காத்திருந்தான். அவர்கள் தங்கியிருந்த மில்பிடாஸ் அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். வழி முழுக்க ஒரு ஹாரன் சத்தம்கூட இல்லை. நம்மூர் டிரைவர்களுக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

ஞாயிறு காலை சர்ச்சில் பூசை முடிந்து வந்து பால்கனியில் உட்கார்ந்தேன். ஆல்வின் ஆபீஸுக்கு ஓட்டிப்போன மலிவான சைக்கிள் டயர் கிழிந்து அங்கேதான் நின்றது. அவன் போன வழியில் ஒருமுறையாவது நான் ஓட்டிப்போக வேண்டும். வேறு ஆசை இல்லை. ஆனால் நான் கொண்டுவந்த டயர் ரிம்மில் நிற்காமல் தொளதொளத்தது. அங்கேயும் அதற்கு இருபத்தெட்டு என்றுதான் பெயர், நம்மூர் அளவு அரை இன்ச் பெரியதாம். அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

மதியம் சைக்கிள் கடைக்குப் போனோம். டயர், ட்யூப் மட்டும் போதாது, செயின் தேய்ந்திருக்கிறது, பின்சக்கரப் பல்லான ஃப்ரீவீலும் தேய்ந்திருப்பதால் புதுச் செயின் வழுக்கும் என்றார் கடைக்காரர். பிரேக் கட்டைகளும் போய்விட்டன. அந்த ஏழு கியர் சைக்கிளுக்குப் பொருந்துவதில் எல்லாமே விலை குறைந்ததாக எடுத்தேன்.

"அங்கிள், டோட்டல் பண்ணா சைக்கிள் விலையைத் தாண்டுது. புதுசே வாங்கிடலாமே?" என்றான் செல்வின்.

"புதுசு எனக்கு எதுக்கு தம்பி?"

சீட்டைத் தாழ்த்தட்டுமா என்று கடைக்காரர் கேட்டார். ஆல்வின் என்னைவிட உயரம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

திங்கள் காலை எட்டு மணிக்குக் கிளம்பினேன். கால்விரல் மட்டும்தான் பெடலை எட்டியது. ஆறு கிலோமீட்டர், பாதி தூரம் ஓடையோரப் பாதை. செயின் சத்தமில்லாமல் ஓடியது. ஆபீஸ் வாசலில் இளைஞர்கள் கழுத்தில் அடையாள அட்டையோடு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். என்னிடம் அட்டை இல்லை. சைக்கிள் நிறுத்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். யாரும் என்னவென்று கேட்கவில்லை, அதுவும் நல்லதாயிற்று.

சைக்கிளைச் செல்வினிடம் கொடுத்தேன். "டெய்லி ஓட்டுறேன் அங்கிள்" என்றான். டயர் என்னோடு திருச்சிக்குத் திரும்பியது.

ஊரில் சைக்கிள் கடையில் யாரும் எதையும் விளக்குவதில்லை, நாமே மாட்டிக்கொள்ளலாம். வந்த மறுநாள் என் பழைய சைக்கிளில் அந்த டயரை மாட்டினேன். கச்சிதமாக உட்கார்ந்தது.

"டயர் சரியா இருக்குதாங்க?" என்று மனைவி கேட்டாள்.

சரியாக இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.