அம்மாவின் காலடியில் கேட்ட சத்தம்

'டொக்' என்று ஒரு சத்தம். கியர் மாற்றி அப்பா கிளட்சிலிருந்து காலை எடுத்ததும், வண்டித் தகரத்தை அடியிலிருந்து யாரோ சுத்தியலால் தட்டியது போல வரும். கம்போங் ராஜா என்ற மலையூருக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து பறிக்கும் பெண்களை விடியலில் மேட்டுக் காட்டுக்கு ஏற்றிச் செல்லும் அப்பாவின் பழைய பிக்அப் அது. எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடம் வழியில் இருந்ததால் நான் முன்சீட்டில் இருப்பேன். அம்மா மற்றப் பெண்களோடு பின்னால் நிற்பாள். ஆண்கள் பின்னால் ஏறுவதில்லை என்பது, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் 'லயத்து' வழக்கம்.

மெக்கானிக் முத்து மாமாவும் முன்சீட்டில்தான் ஏறினார். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "கியர்பாக்ஸ் ரப்பர் போயிருச்சு லா" என்றார். மாற்றினார்கள். இரண்டு நாள் அடங்கியிருந்த சத்தம் மூன்றாம் நாள் இன்னும் பலமாக வந்தது.

"சத்தம் முன்னால இல்லைங்க. என் காலுக்குக் கீழ, நடுவுலதான் அடிக்குது. ஒரு தடவ பின்னால ஏறிப் பாருங்களேன்" என்றாள் அம்மா.

"பொம்பளைங்களோட பின்னால போனா தோட்டமே சிரிக்கும்" என்றார் அப்பா. நானும் சிரித்தேன். ஆனால் மறுநாளிலிருந்து ஒவ்வொரு மேட்டிலும் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வந்தால் பயம், வராவிட்டால் அதைவிடப் பயம்.

மழை பெய்த ஒரு காலையில், செங்குத்து மேட்டில், பின்சக்கரங்களைச் சுழற்றும் இரும்புத் தண்டான 'ஷாப்டு' இணைப்பில் முறிந்து விழுந்து, பிரேக் குழாயையும் அறுத்துவிட்டது. வண்டி பின்னோக்கி உருண்டது. மற்றப் பெண்கள் குதித்துவிட்டார்கள். நான் முன்னால் இருந்ததால் அம்மா குதிக்காமல், "பாப்பா, பாப்பா" என்று கூப்பிட்டபடியே இருந்தாளாம். சரிவில் வண்டி கவிழ்ந்தது. தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அம்மா இறந்துபோனாள்.

முறிந்த இணைப்பை முத்து மாமா பிரித்துக் காட்டினார். உள்ளே கிரீஸ் வற்றி, துருப்பிடித்த சிவப்புத் தூள்தான் கொட்டியது. வண்டிக்கு அடியில் படுத்து அந்தத் தண்டை ஒருமுறை கையால் ஆட்டிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். அப்பா மேல் எனக்கு இன்றும் கோபம் ஆறவில்லை. சிரித்த என் மேலும்தான்.

இப்போது அந்த லயம் காலி. ஆட்கள் மூடிய வேனில் காட்டுக்குப் போகிறார்கள். அப்பாவும் போய்விட்டார். 'பாப்பா' என்ற என் செல்லப் பெயரை எங்கள் வீட்டில் அதன்பிறகு யாரும் சொல்லவில்லை. சாகும்வரை அப்பா என்னை முழுப்பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்.