சூளைக் கிளியின் கடைசிப் பக்கம்

சார்ட் தாளை மடித்து வெட்டி, நடுவில் சாக்கு ஊசியால் பச்சை நூல் கோத்துத் தைத்த ஒரு புத்தகம். அட்டையில் ஒரு கிளி. அதை நான் முதலில் கையில் எடுத்தபோது வண்ணம் இன்னும் காயாமல் விரலில் ஒட்டியது. கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி, ஓர் அறக்கட்டளை நடத்திவந்த உண்டு உறைவிடப் பள்ளியில் அப்போது நான் தமிழாசிரியை. புத்தகத்தை வரைந்தவர் எங்கள் டிராயிங் டீச்சர். வடக்கனந்தலில் கரும்பு வெட்டும் கூலிக் குடும்பத்துப் பெண். வாரத்தில் இரண்டு நாள் பஸ் ஏறி மலைக்கு வருவார். பகுதிநேர வேலை என்பதால் வருகைப் பதிவேட்டில் அவர் பெயரைப் பென்சிலால்தான் எழுதுவார்கள்.

கதை அவருடையது அல்ல, மூன்றாம் வகுப்பில் படித்த ஒரு சிறுமியுடையது. அப்பா அம்மாவோடு கீழே ஒரு செங்கல் சூளையில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தவள். வகுப்பில் வாயே திறக்கமாட்டாள். டிராயிங் டீச்சர் தெரிந்த பறவை ஒன்றை வரையச் சொன்னபோது, ஒற்றை இறக்கையோடு ஒரு கிளியை வரைந்தாள்.

"இன்னொரு ரெக்கை எங்கம்மா?"

"வெட்டிட்டாங்க டீச்சர்."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அது சூளை முதலாளி வீட்டுக் கூண்டுக் கிளி. பறந்துவிடாமல் இருக்க ஒரு பக்கத்து இறகுகளை வெட்டியிருந்தார்கள். அதற்குக் கொய்யாப்பழம் வைப்பது இவள் வேலை. ஒரு மத்தியானம் கூண்டைத் திறந்துவிட்டாள். பறக்க முடியாத கிளி நடந்தே வெளியே வந்தது. அடுக்கி வைத்திருந்த செங்கல்லின் இடுக்கில் அதை ஒளித்துவைத்து, இறகு முளைக்கும் வரை தன் சோற்றில் பங்கு கொடுத்தாள். ஒரு நாள் அது எழும்பிப் பறந்துவிட்டது.

"பூனை தின்னுட்டுதுன்னு மொதலாளி நெனச்சிக்கினாரு டீச்சர். நானும் ஆமான்னு சொல்ட்டன்."

அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தோம்.

டீச்சர் வரைந்த புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் கிளிக்கு ஓர் இறகு கூடிக்கொண்டே போகும். கடைசிப் பக்கத்தில் கிளி இருக்காது, வெறும் வானம்தான். பிள்ளைகள் அந்த நீலத்தில் விரலை வைத்துத் தேடிப் பார்த்துவிட்டு, "பறந்து பூட்ச்சி, பூட்ச்சி" என்று குதிப்பார்கள்.

அறக்கட்டளைச் செயலாளர் ஒருமுறை வந்தபோது அதைப் பார்த்தார். அச்சடிக்கலாம் என்று எடுத்துப்போனார். சில மாதம் கழித்துக் கட்டுக்கட்டாகப் புத்தகங்கள் வந்தன. அட்டையில் அறக்கட்டளையின் பெயர் மட்டும் இருந்தது. "பேரு இல்லன்னா போவுது, புள்ளைங்க கையில இருக்குதே" என்றபடி டீச்சர் பக்கங்களைப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் கை நின்றது. யாரோ வேறொருவர் வரைந்த படம். இறகெல்லாம் முளைத்த கிளி முதலாளியின் தோளில் உட்கார்ந்து கூண்டுக்குத் திரும்புகிறது. கீழே கொட்டை எழுத்தில், 'நன்றி மறவாதே.'

டீச்சர் நேராகப் போய்க் கேட்டார். நானும் கூட நின்றேன்.

"ஆஸ்டல் பசங்களுக்கு ஓடிப்போறதையா சொல்லிக்குடுக்கறது? நாளைக்குப் பத்துப் பேரு செவுரேறிக் குதிச்சா நீங்க வந்து தேடுவீங்களாம்மா?" என்றார் செயலாளர்.

"அந்தப் பொண்ணு கண்ணால பாத்ததுங்க சார்."

"பாத்ததையெல்லாம் புக்குல போட முடியாது."

இதை எழுதும்போதும் எனக்கு வயிறு எரிகிறது. யாருக்கு நன்றி? இறக்கையை வெட்டினவனுக்கா? சுவரேறிக் குதிக்கிற பிள்ளைக்கு அங்கே என்ன குறை என்று கேட்கத் தோன்றாதவர்களுக்கு, ஒரு கிளியைத் திருப்பிக் கூட்டிவரத் தோன்றியிருக்கிறது.

வெளியீட்டு விழா கள்ளக்குறிச்சியில் ஒரு திருமண மண்டபத்தில் நடந்தது. மலைப் பிள்ளை ஒன்று மேடையில் வாசித்தால் நன்றாக இருக்கும் என்று செயலாளரே அந்தச் சிறுமியைத் தேர்ந்தெடுத்தார். அவள் நிறுத்தி நிதானமாக வாசித்தாள். கடைசிப் பக்கம் வந்ததும் புத்தகத்தை மூடினாள். "அப்பறம் அது பறந்து பூட்ச்சி" என்றாள்.

செயலாளர் சிரித்தபடியே குனிந்து, "புக்குல இருக்கறதப் படிம்மா" என்றார். மைக்கில் எல்லோருக்கும் கேட்டது.

"புக்குல தப்பாப் போட்டுக்கீறாங்க சார். நான் பாத்துக்கினுதான் இருந்தன். அது திரும்பி வர்ல."

மண்டபத்தில் யாரோ கை தட்டினார்கள். அப்புறம் நிறையப் பேர்.

அடுத்த வாரம் என்னை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார்கள். சிறுமிக்கு அப்படிப் பேசச் சொல்லிக்கொடுத்தது டிராயிங் டீச்சர்தானா என்று எழுதித் தரச் சொன்னார்கள். எனக்கு அங்கே வேலை நிரந்தரமாகும் சமயம் அது. 'எனக்குத் தெரியாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த இரண்டு வார்த்தை அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. பென்சில் பெயரை ரப்பரால் அழித்தார்கள். சிறுமியை அவள் அப்பா வந்து கூட்டிப்போனார். பிறகு வேறு பள்ளியில் சேர்ந்து பத்தாவது முடித்தாள் என்று கேள்விப்பட்டேன்.

நான் இப்போது திருக்கோவிலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் இருக்கிறேன். போன மாதம் உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறும்போது, ஒரு பட்டறை வாசலில் லாரிக்கு நம்பர் எழுதிக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்தேன். டிராயிங் டீச்சர். பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். நான் எழுதிக் கொடுத்ததைச் சொன்னேன். அவருக்கு அப்போதே தெரியுமாம்.

"வுடுங்க டீச்சர். நீங்க இன்னா பண்ணுவீங்க, உங்களுக்கும் வூடு வாசல் கீதில்ல" என்றார்.

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மன்னித்தது செயலாளரின் மேல் இருந்த கோபத்தையெல்லாம் என் பக்கம் திருப்பிவிட்டது. அந்தப் புத்தகம் இன்னும் எத்தனையோ பள்ளி அலமாரிகளில் இருக்கிறது. அன்று எழுதாமல் விட்டதை, இன்று யாரும் கேட்காமலே எழுதிக் கையெழுத்திடுகிறேன். நான் தினமும் அந்தப் பிள்ளைகளோடு இருந்தவள். எனக்குத் தெரியும். அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.