வெளிச்சம் கூடின பல்ப்

என் சின்னக் காரின் முன்விளக்குகள் மங்கிப்போய், தெருவில் படுத்திருக்கும் மாடுகளைக் கிட்டப் போன பிறகுதான் காட்டின. "மாட்டோட மோதின பிறகுதான் பல்ப் மாத்துவியள்" என்று மனைவி ஏசிக்கொண்டே இருந்தார்.

கிளிநொச்சிக் கடைக்காரர் நீலம் கலந்த வெள்ளை எல்ஈடி பல்பைத்தான் முதலில் எடுத்து வைத்தார். "இதைப் போட்டியளெண்டா வானத்தில இருந்து பாத்தாலும் உங்கட கார் தெரியும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "வானத்துக்கு ஏன் தெரியவேணும்? எனக்குத் தெரு தெரிஞ்சாக் காணும்" என்றேன். அது எதிரே வருபவரின் கண்ணையும் கூசவைக்கும், பொலிஸும் பிடிக்கும். பழைய பல்பின் அதே வாட் அளவில், சட்டம் அனுமதிக்கிற, வெளிச்சம் மட்டும் கூடின ஹலோஜன் சோடி ஒன்றை வாங்கிப் பூட்டுவித்தேன்.

அன்று பொழுதுபட்டு இருண்ட பிறகு உருத்திரபுரம் வீதியில் வந்துகொண்டிருந்தோம். தெருவும் வாய்க்கால் கரையில் நின்ற மாட்டின் கண்களும் துலக்கமாகத் தெரிந்தன. "இப்பதான் இது கார்" என்றார் மனைவி.

அப்போது மேலே ஹெலிகொப்டர் இரைச்சல் கேட்டது. சண்டைக் காலத்தில் அந்த இரைச்சல் கேட்டால் வெளிச்சத்தை அணைத்துவிட்டு நிற்பது எங்கள் வழக்கம். சண்டை முடிந்து எத்தனையோ வருடமாகிவிட்டது.

"லைற்றை நூருங்கோ" என்றார் மனைவி. அதற்கு முன்பே என் கை அணைத்திருந்தது.

இருட்டில் காரை ஓரங்கட்டினேன். எதிரே வந்துகொண்டிருந்த லொறியும் வெளிச்சத்தை அணைத்துவிட்டு நின்றது. இரைச்சல் முழுதாக ஓய்ந்த பிறகும், லொறிக்காரர், நான் இரண்டு பேரில் ஒருவரும் முதலில் வெளிச்சத்தைப் போடவில்லை.