அந்த வீட்டில் தண்ணீர் பிடித்தது யார்

பத்தாம் வகுப்பில் எங்களுக்கு ஆங்கிலத் துணைப்பாடமாக ஒரு பழைய நாவலைச் சுருக்கி வைத்திருந்தார்கள். பெற்றோர் இல்லாத ஒரு பெண், உறவுக்காரர் வீட்டில் ஏச்சும் பேச்சும் வாங்கி வளர்ந்து, கடைசியில் தன் காலில் நிற்கும் கதை. பெயர் சொல்லப்போவதில்லை. படித்தவர்களுக்குத் தெரியும், படிக்காதவர்களுக்குத்தான் கதையைச் சொல்லிவிட்டேனே. டீச்சர் இங்கிலீஷில் ஒரு பத்தி வாசித்து அதை ஹிந்தியில் விளக்குவார். நான் அதைத் தமிழில் வாங்கிக்கொள்வேன். போர்ட் பிளேரில் எங்களுக்கு எல்லாப் பாடமும் அப்படித்தான் சுற்றி வளைத்து வந்து சேரும்.

முதல் அத்தியாயம் முடிந்ததும், சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றார் டீச்சர். நான் எழுந்து நின்றேன். "மேடம், உஸ் கர் மே பானி கோன் பர்தா ஹை?" அந்த வீட்டில் தண்ணீர் பிடிப்பது யார் என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. எனக்கு அப்போதே மூக்குக்கு மேல் கோபம் வரும். சிரித்தவர்களை ஒரு சுற்று முறைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தேன். பிறகென்ன? அந்தக் கதையில் குளிக்கிறார்கள், டீ குடிக்கிறார்கள், வெள்ளை வெளேரென்று உடுத்துகிறார்கள், தண்ணீர் பிடிக்கிற ஆளை மட்டும் காணோம். வேலைக்காரர்கள் இருந்திருப்பார்கள் என்று சொல்லி டீச்சர் என்னை உட்கார வைத்தார்.

எங்கள் சந்தில் வெயில் காலத்துத் தண்ணீர் நினைத்தபோது வராது. சில நாளைக்கு ஒரு முறை எங்கள் பாரி வரும். முறை என்பதைத்தான் அங்கே எல்லா மொழிக்காரர்களும் பாரி என்பார்கள். லைன்மேன் மேட்டில் வால்வைத் திறந்ததும், முதல் வீட்டுப் பெங்காலி அக்கா "பானி ஆ கயா", தண்ணீர் வந்துவிட்டது என்று குரல் கொடுப்பார். அந்தக் குரல் கடைசி வீடுவரை கைமாறிப் போகும். அதற்குள் குழாயில் ஹோஸைச் சொருகி, ட்ரம்களைக் கழுவித் தயாராக நிற்க வேண்டும். கொஞ்ச நேரம்தான் வரும். அதைத் தவறவிட்டால் அடுத்த பாரி வரைக்கும் வீடு நாறிவிடும். அதனால் பாரி நாளில் வீட்டுக்கு ஓர் ஆள் நின்றே தீர வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான். பாரி நாளில் எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது.

எங்கள் வீடு என்கிறேன், அது மாமா வீடு. அம்மா என்னைப் பெற்ற கையோடு போய்விட்டாள். அப்பா ரோடு வேலைக்குப் போன இடத்தில் லாரி கவிழ்ந்து இறந்து போனார். அம்மாவின் அண்ணன் என்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். மாமாவுக்கு பஜாரில் பெயிண்ட், ஆணி விற்கிற கடை. நல்ல மனுஷன், ஆனால் வீட்டுக்குள் வாய் திறக்க மாட்டார். அத்தை திருநெல்வேலியிலிருந்து கப்பலேறிக் கல்யாணமாகி வந்தவள். அத்தை கொடுமைக்காரி என்று சொன்னால் அது பொய். நன்றாக வைத்திருந்தாள் என்று சொன்னால் அதைவிடப் பெரிய பொய். எல்லோரும் தின்ற பிறகுதான் எனக்குச் சோறு. மாமா மகளுக்குப் புதுச் சட்டை, எனக்கு அவளுடைய பழசு. அவளும் நானும் ஒரே வகுப்பு.

குளியலில் இது இன்னும் துல்லியமாகத் தெரியும். வெயில் காலத்தில் ஆளுக்கு ஒரு பக்கெட் தண்ணீர் என்பது அத்தை போட்ட சட்டம். மாமாவுக்கு நீலம், அத்தைக்குச் சிவப்பு, மாமா மகளுக்கு மஞ்சள். எனக்குப் பக்கெட்டே கிடையாது. எல்லோரும் குளித்து முடித்த பிறகு ட்ரம்மின் அடியில் கிடப்பதைக் கப்பால் வழித்து ஊற்றிக்கொள்வேன். அதிலும் வீடு துடைக்க மிச்சம் வைக்க வேண்டும். நிரப்புகிறவள் நான், எனக்குத்தான் அடி வண்டல். யாருக்கு என்ன நிறம் என்று எனக்கு இன்னும் மறக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமா மகளுக்கு இங்கிலீஷ் ஏறாது. அதனால் சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்து அந்த நாவலை நான்தான் அவளுக்குத் தமிழில் சொல்வேன். அந்தப் பிள்ளையை உறவுக்காரி எப்படிப் படுத்துகிறாள், அவள் எப்படி மூலையில் உட்கார்ந்து புத்தகம் படிக்கிறாள் என்றெல்லாம் இழுத்துச் சொன்னேன். மாமா மகள் கண் கலங்கி, "பாவம்லா அந்தப் பிள்ள" என்றாள். சொல்லிவிட்டு, "கொஞ்சம் தண்ணி மோந்து தாயேன்" என்று டம்ளரை நீட்டினாள். மோந்து கொடுத்தேன். டம்ளரோடு தலையில் கவிழ்த்திருக்கலாம், அவள் நல்லவளாகப் போய்விட்டாள்.

வெங்காயம் அரிந்துகொண்டிருந்த அத்தையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "அனாதைப் பிள்ளைய இந்தப் பாடு படுத்துதாளே, அவள்லாம் ஒரு பொம்பளையா?" என்றாள். நான் அத்தையின் முகத்தையே பார்த்தேன். குத்தலும் இல்லை, நடிப்பும் இல்லை. கையில் வெங்காயம், கண்ணில் நிஜமான கோபம். அந்தக் கதையில் தன் வீடு இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் அவளே கூப்பிடுவாள். "ஏட்டி, அந்தப் பிள்ளைக்குப் பொறவு என்னாச்சு?" வேலை ஏவுவதற்கு இல்லாமல் அத்தை என்னைக் கூப்பிட்டது அப்போதுதான். எனக்கு அது பிடித்திருந்தது. அதற்காகவே கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். அந்தப் பிள்ளை உறவுக்காரியை நேருக்கு நேர் பார்த்து மனதில் கிடந்ததைச் சொல்லிவிட்டுப் போகிற இடத்தில், "நல்லாக் கேட்டா" என்று அத்தை தொடையைத் தட்டினாள்.

அந்த வருஷம் போர்டு பரீட்சை. பெயிலானால் படிப்பு அதோடு சரி, கடையில் ஆணி நிறுக்க வேண்டியதுதான் என்று அத்தை சொல்லியிருந்தாள். சொன்னால் செய்வாள். இங்கிலீஷ் பரீட்சைக்கு முந்தின நாள் எங்கேயோ பைப் உடைந்து, எங்கள் பாரி பரீட்சைக் காலைக்குத் தள்ளிப்போனது.

காலையில் யூனிபார்மோடு குழாயடியில் நின்றேன். ஹோஸில் வெறும் காற்று சீறியது. மாமா ஸ்கூட்டரைக் கிளப்பி நின்றார். மாமா மகள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"தண்ணி வந்ததும் ரெண்டு ட்ரம்மையும் நெறச்சிட்டு, அடுத்த பஸ்ஸுல போ" என்றாள் அத்தை.

"அத்தை, எனக்கும் அதே பரீட்சைதான். ரெண்டு பேருக்கும் ஒரே கேள்வித்தாள். லேட்டாப் போனா உள்ள விட மாட்டாங்க."

"விடலன்னா அடுத்த வருசம் எழுது. நீ என்ன கலெக்டராவா ஆகப் போற?"

எனக்கு அழுகை வந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு. "கதையில வாரவள, அவள்லாம் ஒரு பொம்பளையான்னு நீங்கதான் அத்தை கேட்டீங்க. நான் கேக்கல."

நான் ஹோஸை ட்ரம்முக்குள் போட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு நடந்தேன். ஸ்கூட்டர் பக்கத்தில் போனபோது மாமா மகள் முன்னால் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். "மூணு பேர் போனா போலீஸ் பிடிப்பான்" என்றார் மாமா. "பிடிக்கட்டும்ப்பா" என்றாள் அவள். மாமா வழக்கம்போல வாயை மூடிக்கொண்டு வண்டியை எடுத்தார். இறக்கத்தில் போகும்போது பின்னாலிருந்து "பானி ஆ கயா" என்று சந்து முழுக்கக் குரல் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பரீட்சையில் அந்தக் கதைப் பெண்ணின் தன்மானத்தைப் பற்றி எழுதச் சொல்லி ஒரு கேள்வி வந்திருந்தது. டீச்சர் எழுதிப் போட்ட விடை எனக்கு மனப்பாடம். அதை எழுதவில்லை. அவள் கேட்டது இரக்கம் இல்லை, அந்த வீட்டில் தன்னையும் ஓர் ஆளாக எண்ண வேண்டும் என்பதுதான் என்று எனக்குத் தெரிந்த ஓட்டை இங்கிலீஷில் எழுதினேன். பேனாவை மூடிய பிறகுதான் பயம் வந்தது. அத்தை உள்ளே விடாவிட்டால் போக வேறு வீடு கிடையாது. கப்பலேறி மெயின்லேண்டில் இறங்கினாலும் யாரைத் தேடிப் போவது? கதையில் அவளை அனுப்பி வைக்க ஒரு பள்ளிக்கூடமாவது இருந்தது.

இப்போது நான் அந்தமானின் வடகோடியில், திக்லிபூரில் டீச்சர். அதே நாவல் இல்லை, வேறொன்று நடத்துகிறேன். அத்தைக்கும் எனக்கும் போனில் இன்றைக்கும் சண்டை நடக்கும். வைப்பதற்கு முன்னால் "அங்க தண்ணி ஒழுங்கா வருதாட்டி?" என்று கேட்காமல் வைக்க மாட்டாள். அவள் மாறிவிட்டாள், நான் மன்னித்துவிட்டேன் என்றெல்லாம் சொல்லத் தெரியவில்லை. எங்களுக்குள் அந்தப் பரீட்சையன்று சாயங்காலம் ஒன்று நடந்தது, அவ்வளவுதான்.

மாமா மகள் தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். நான் தனியாக மேடேறி வந்தேன். வாசலெல்லாம் ஈரம். ஒரு ட்ரம் நிறைந்திருந்தது, இன்னொன்றில் பாதிதான். அத்தை அடுப்படியில் காலை நீட்டி முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சேலை இடுப்பு வரை நனைந்து காய்ந்திருந்தது. நிலைப்படியைத் தாண்டாமல் நான் வெளியிலேயே நின்றேன்.

"எப்படி எழுதுன?" என்றாள், நிமிராமல்.

"நல்லா எழுதியிருக்கேன் அத்தை."

தைலத்தை மூடி வைத்தாள். பிறகு கேட்டாள். "அந்தப் பிள்ள, அந்த வீட்ட விட்டுப் போனாள்லா. திரும்பி வந்தாளா?"

அந்த இடத்தை நான் இன்னும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. "வந்தா அத்தை. ஒரு தடவ வந்தா."

"வந்தாளா" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வெயில்ல வந்திருக்க, போய்க் குளி. உள்ள எடுத்து வச்சிருக்கேன்."

பாத்ரூமில் அவளுடைய சிவப்புப் பக்கெட் விளிம்பு வரை நிறைந்து இருந்தது. மேலே தட்டுப் போட்டு மூடியிருந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு நான் தேம்பித் தேம்பி அழுதேன். பிறகு அந்தப் பக்கெட்டில் வீடு துடைக்க ஒரு கப்புகூட மிச்சம் வைக்காமல் முழுவதையும் ஊற்றிக் குளித்தேன்.