தவளையும் பதினெட்டு பாட்டில்களும்

என் மாமாவைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தவளை, அவ்வளவுதான். பதினோரு வருடமாகச் சதுப்பு ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று பூச்சி பிடிக்கிறவரை வேறென்ன சொல்வது? மீன் பிடித்தாலாவது சட்டிக்கு ஆகும். இவர் பிடிப்பது அரிசி அளவு நத்தை, தட்டான் குஞ்சு, நூல் மாதிரி சிவப்புப் புழு. தண்ணீர் நன்றாக இருக்கிறதா, கெட்டுப்போனதா என்று அவைதான் காட்டிக்கொடுக்குமாம். மனிதர்களிடம் வாய் திறக்காதவருக்குப் புழுவோடு என்ன பேச்சோ!

அம்மாவின் தம்பி, எங்கள் வீட்டு நடு அறையில்தான் ஜாகை. நானும் பள்ளிக்கூடமும் ஒன்பதாம் வகுப்போடு ஒருவரையொருவர் கைகழுவிவிட்டதால், "ஊரை வம்புக்கு இழுக்கிறதுக்குப் பதிலா மாமாவுக்கு வாளியாவது தூக்குடி" என்று அம்மா என்னை அவரோடு தள்ளிவிட்டாள்.

வேலை இதுதான். நீளக் கம்பில் கட்டிய வலையைக் கோரைத் தண்டுகளை உரசியபடி ஒரு மீட்டர் இழுக்க வேண்டும். அது ஒரு வீச்சு. ஒரு பாட்டிலுக்குப் பத்து வீச்சு. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் கணக்கு குட்டிச்சுவர். வந்ததை வாளியில் அலசி, சல்லடையில் வடித்து, பாட்டிலில் போட்டு உடனே ஸ்பிரிட் ஊற்ற வேண்டும். தாமதித்தால் தட்டான் குஞ்சு மற்ற எல்லாரையும் தின்று ஏப்பம் விட்டுவிடும். கடைசியில் இடம், தண்ணீர் ஆழம், தேதி எழுதிய சீட்டைப் பாட்டிலுக்கு உள்ளேயே போட வேண்டும். வெளியே ஒட்டினால் ஈரத்தில் உரிந்துவிடும். சீட்டு இல்லாத பாட்டில் வெறும் ஊறிய குப்பை.

மாமா எப்போதும் பென்சிலில்தான் எழுதுவார். ஏரி அலுவலகத்துக்குப் புதிதாக வந்த அதிகாரிக்கு அது ஆகவில்லை.

"என்னய்யா இது, ஒண்ணாங்கிளாஸ் பிள்ளையா நீ? அப்புறமா அழிச்சு மாத்திக்கலாம்னு பாக்கிறியா? இனிமே பேனாதான்."

"சார்... ஸ்பிரிட்ல பேனா..."

"என்ன?"

"ஒண்ணுமில்ல சார்."

ஒண்ணுமில்லையாம்! பதினோரு வருடத் தினக்கூலி. வேலையை நிரந்தரமாக்கும் காகிதம் அந்த ஆளின் மேசையில் ஒரே ஒரு கையெழுத்துக்காகக் கிடந்தது. அதன் பக்கத்திலேயே மாமா தன் மானத்தையும் கழற்றி வைத்துவிட்டு வந்தார்.

"ஏன் மாமா, ஸ்பிரிட்ல பேனா என்ன ஆகும்?" என்று வழியில் கேட்டேன்.

"மை கரைஞ்சிடும்."

"அதைச் சொல்றதுக்கென்ன?"

"கோவப்படுவாரு."

"நீ பிடிக்கிற ஜந்துவுக்கும் முதுகெலும்பு கிடையாது, உனக்கும் கிடையாது."

"வாளியை ஆட்டாம வா" என்றார்.

அன்று ஆறு இடம், இடத்துக்கு மூன்றாகப் பதினெட்டு பாட்டில். அதிகாரியும் மேற்பார்வைக்கு வந்து, கால் நனையாத தூரத்தில் குடை பிடித்து நின்றார். அவருக்கு அங்கேயே பேனாத்துரை என்று பெயர் வைத்தேன். மாமா அவர் சொன்னபடியே பேனாவால் சீட்டு எழுதி எழுதிப் போட்டார். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆத்திரம் வந்தால் எனக்குக் கை ஊறும். பள்ளிக்கூடக் கழிப்பறைச் சுவரைக் கேட்டால் சொல்லும். மாமா ஒதுக்கிய பென்சிலை எடுத்தேன். அவர் அடுத்த பாட்டிலுக்காக இறங்கும்போதெல்லாம் ஒரு கேலிச் சீட்டு எழுதி, மூடியைத் திருகி உள்ளே போட்டேன். கேலிக்கும் இடம், தேதி வேண்டும். இல்லாவிட்டால் எதைக் கிண்டல் செய்தோம் என்று நமக்கே மறந்துவிடும். அதற்காக எழுதியதுதான், வேறொன்றுமில்லை.

மூன்று வாரம் கழித்து, தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் பாட்டில்களைச் சோதிக்க வந்தார். மாமாவுக்குச் சாப்பாட்டு டப்பா கொண்டுபோன நான் கதவோரம் நின்றேன். பதினெட்டிலும் ஸ்பிரிட் வெளிர்நீலம். சீட்டுகள் சலவைக்குப் போய்வந்தவை மாதிரி வெள்ளை வெளேர்.

"எது எந்த இடம்னே தெரியலையே. என்னத்தை எண்றது? கொட்ட வேண்டியதுதான்."

"இந்த ஆள்தான் மேடம் எழுதினது" என்றார் பேனாத்துரை, கூசாமல். "எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில ஏறாது."

மாமா தரையைப் பார்த்தார். கொட்டினால் வேலையே போகும் என்று எனக்கே தெரிந்தது. அப்போதும் அந்த வாய் திறக்கவில்லை.

"இருங்க, அடியில இன்னொண்ணு இருக்கு." அந்த அம்மாள் இடுக்கியால் ஒரு சீட்டை எடுத்து, விளக்கில் பிடித்து வாசித்தார். "வடக்குக் கரை, கோரைப் புதர், பதினாலாம் தேதி, இரண்டாவது பாட்டில். ஏழாவது வீச்சுல தவளை வழுக்கி விழுந்தாச்சு. மூக்குல சேறு. வலையை மட்டும் விடல, லூசு."

சிரித்துவிட்டார். அடுத்த பாட்டில். "மதகு ஓரம், பதினாலாம் தேதி, முதல் பாட்டில். தவளை தண்ணியில, பேனாத்துரை குடையில. பேனாவால எழுதச் சொன்ன மேதையை இந்த ஸ்பிரிட்லயே ஊறப்போடணும்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

"இது யார் கையெழுத்து?"

அதிகாரியின் கண் நேராக என்மேல் வந்தது. டப்பாவைப் போட்டுவிட்டு ஓடலாமா என்று பார்த்தேன்.

"என் அக்கா பொண்ணு எழுதினது, மேடம்" என்றார் மாமா. "நான்தான் எழுதச் சொன்னேன்."

"இந்தப் பட்டப்பேருமா?"

"அதுவும் நான் சொன்னதுதான்."

வாழ்நாளில் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார். அதுவும் பொய் சொல்ல. மடையன்.

பதினெட்டு சீட்டும் கிடைத்தன, ஒன்றையும் கொட்டவில்லை. பேனாத்துரை அன்றே அந்தக் காகிதத்தை மேசைமேலிருந்து எடுத்து இழுப்பறையின் அடியில் போட்டுப் பூட்டினார். சாவி திரும்பும் சத்தம் எனக்குக் கேட்டது. மாமாவுக்கும் கேட்டிருக்கும்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் மாமா ஆரம்பித்தார்.

"ஏய் வாலு. ரெண்டு சீட்டுல தண்ணி ஆழம் போடல."

"கிண்டல்ல எதுக்கு மாமா ஆழம்?"

"எழுதுறதை ஒழுங்கா எழுது" என்று, சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து என் கையில் வைத்தார். முனை சீவியிருந்தது.