இலங்கை மேசையை விட்டெழும்பிய இராஜேந்திரன்

லண்டன் வெம்பிளியில், அரசாங்க உதவிப்பணம் கொடுக்கும் பெனிபிட் ஒபிஸில் கிளார்க்காகத் தொடங்கிய இராஜேந்திரன், விழுந்து விழுந்து பரீட்சை எழுதி பிரிட்டிஷ் ராஜதந்திரியானபோது தலை நரைத்துவிட்டது. பிறகு அக்ரா, ஒஸ்லோ தூதரகங்கள். லண்டன் கிங்ஸ்பரித் தமிழ்ச் சனத்துக்கு அவர் ‘எங்கட அம்பாசடர்’. அம்பாசடராவது, மண்ணாவது! போன இடமெல்லாம் மனிதர் கீழ்ப்படிச் செயலாளர்தான். அழுதுகொண்டு வருபவர்களிடம் பிடிகொடுக்காமல் பேசி, ஆறுதலாக அனுப்பிவைப்பதுதான் வேலை. அதில் மகா கெட்டிக்காரர்.

2009இல் வன்னியில் சண்டை இறுகியபோது லண்டன் வெளிவிவகார அமைச்சில் இலங்கை அலுவல்களைப் பார்க்கும் ‘இலங்கை மேசை’ அவரிடம் இருந்தது. மனைவி சுலோச்சனாவின் தம்பி பாலேந்திரா குடும்பத்தோடு உள்ளே அகப்பட்டிருந்தான். சொந்தக்காரர் சம்பந்தப்பட்டால் மேலிடத்தில் சொல்லவேண்டும். சொன்னார். அடுத்த நாளே பசிபிக் தீவுகளுக்கான மேசைக்கு மாற்றிவிட்டார்கள்.

“ஆர் உங்களைக் கேட்டது? வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே!” என்று சுலோச்சனா தலையில் அடித்துக்கொண்டாள்.

“சொல்லாமல் இருக்க ஏலாது, சுலோ. நீர் எம்.பி.யைப் போய்ப் பாரும்.”

சித்திரை மாதம் பாலேந்திரா எவருடையதோ சாட்டிலைட் போனில் வந்தான்.

“அத்தான், சின்னவளுக்குக் காலிலை காயம். சனமெல்லாம் கடலேரியைக் கடந்து ஆமியிட்டைப் போகுது. நாங்களும் போறதோ, காயக்காரரை ஏத்துற கப்பலுக்கு நிக்கிறதோ? உங்களுக்குத்தானே தெரியும்.”

இராஜேந்திரனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. மேசையை விட்டெழும்பியதை மச்சானிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. வாய் தன்பாட்டில் பழைய வேலையைச் செய்தது.

“யோசியாதையும். இஞ்சை எல்லாரும் உங்களைக் கவனத்திலை எடுத்திருக்கினம். மேலிடத்திலை கதைச்சுக்கொண்டிருக்கினம்.”

“அது காணும், அத்தான்,” என்றான் பாலேந்திரா. அவன் குரலில் உயிர் வந்துவிட்டது. லைன் அறுந்தது.

அன்றிரவு இராஜேந்திரன் நிம்மதியாகத் தூங்கினார், பாவி மனிதர்.

ஆனியில், செட்டிகுளம் அகதி முகாமிலிருந்து பாலேந்திராவின் அயல்வீட்டுக்காரி ரஜனி போன் எடுத்தாள். சுலோச்சனா போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

“வாங்கோ வாங்கோ எண்டு கையைப் பிடிச்சு இழுத்தனாங்கள், அக்கா. ‘லண்டன் அத்தான் கதைச்சுப்போட்டார், கப்பல் வரும், நான் அசையமாட்டன்’ எண்டிட்டார் உங்கட தம்பி. நாங்கள் கடந்த பிறகு அவை பதுங்கியிருந்த பங்கருக்கு மேலைதான் ஷெல் விழுந்தது. ஒருத்தரும் மிஞ்சேல்லை, அக்கா.”

சுலோச்சனா கத்தவில்லை. புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

“கப்பல் எண்டு நான் சொல்லேல்லை, சுலோ,” என்றார் இராஜேந்திரன்.

“பின்னை என்னத்தைச் சொன்னனீங்கள்?”