குப்பிக்குக் காவல்

மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்குக் குப்பி என்றால் மருந்து ஊற்றி வைக்கிற புட்டி. எங்களுக்கு அத்தாவின், அதாவது அப்பாவின், தங்கை. பள்ளிக்கூடத்தில் ஒருநாள் “எங்க குப்பி வந்திருக்காக” என்று சொல்லப்போய் அரை வகுப்பு சிரித்தது. சிரித்தவர்களை நான் வாயாலேயே அடக்கினேன். அப்போது எனக்கு ஒன்பது வயது, வாய்க்கு மட்டும் தொண்ணூறு இருக்கும். அந்த வாய் செய்த காரியத்தைத்தான் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். இருபது வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

குப்பியைச் சிவகாசியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு ஆர்டர் எடுக்க வடக்கே போய்வருகிறவர். வருடத்தில் பாதி நாள் ரயிலிலும் லாட்ஜிலும் கழியும். ஒரு சீசன் முடிந்து வந்தவர் படுத்தார், பிறகு எழவில்லை. மஞ்சள் காமாலை என்று ஊருக்குச் சொன்னார்கள். புருஷன் போனபின் வெளியே வராமல் இருக்கிற இத்தாவை இருந்து முடித்ததும் குப்பி ஒரு டிரங்குப் பெட்டியோடு விருதுநகருக்கு, எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். பிள்ளை குட்டி இல்லை.

எங்களுடையது கூட்டுக் குடும்பம். பெரியத்தாவும் அத்தாவும் சேர்ந்து வத்தல் மண்டி வைத்திருந்தார்கள். வீட்டின் பின்கட்டில் ஓர் அறை முழுக்க மிளகாய் வத்தல் மூட்டை. உள்ளே தலையை நீட்டினாலே பத்துத் தும்மல் வரும். பெரியத்தாவே மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் போவார். குப்பி மட்டும் காலை ஒன்பது மணிக்கு ஒருதரமும் இரவு ஒன்பது மணிக்கு ஒருதரமும் அங்கே போய்வருவாள். வத்தல் பூசணம் பிடிக்காமல் பார்க்கிறாளாம். வெளியே வரும்போது கண் சிவந்திருக்கும். வத்தல் நெடி என்று யாரும் ஒன்றும் கேட்டதில்லை. மாதம் ஒருதரம் பல் டாக்டரைப் பார்க்க மதுரைக்கும் போவாள். எங்கள் வீட்டிலேயே நல்ல பல் அவளுக்குத்தான். அதையும் யாரும் கேட்டதில்லை.

நான் சொல்வது தீபாவளியும் நோன்புப் பெருநாளும் ஒட்டிக்கொண்டு வந்த வருடம். எனக்கும் பெரியம்மா மகனுக்கும் அந்த வருடம் பெரிய போட்டி. அவன் என்னைவிட ஒரு வயது மூத்தவன். முப்பது நோன்பையும் விடாமல் வைப்பது யார் என்று பந்தயம். விடியுமுன் சாப்பிடுகிற சஹர் நேரமும் நோன்பு திறக்கும் நேரமும் அச்சடித்த அட்டையைக் கதவில் ஒட்டி, ஒவ்வொரு நோன்புக்கும் ஆளுக்கொரு டிக் போட்டுக்கொண்டோம். அல்லாவுக்காக வைத்ததைவிட அட்டைக்காக வைத்ததே அதிகம்.

ஏழாவது நோன்பன்று ஆயுத பூஜைக்குப் பள்ளிக்கூடம் லீவு. கண்ணாமூச்சி விளையாடினோம். அவனால் கண்டுபிடிக்கவே முடியாத இடமாக ஒளிய வேண்டும் என்று வத்தல் அறைக்குள் போய், மூக்கைப் பொத்திக்கொண்டு மூட்டைகளுக்குப் பின்னால் குத்தவைத்தேன். கொஞ்ச நேரத்தில் குப்பி வந்தாள். கதவைச் சாத்தினாள். சுவரைப் பார்த்து நின்று எதையோ வாயில் போட்டு, முந்தானைக்குள்ளிருந்து ஒரு செம்பை எடுத்து மடமடவென்று தண்ணீர் குடித்தாள். நோன்பு நாளில், பட்டப்பகலில்! அதற்குமேல் மூக்கு பொறுக்கவில்லை, தும்மிவிட்டேன்.

குப்பி திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அதட்டவில்லை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“யார்ட்டயும் சொல்லிறாத தங்கம். சொன்னா குப்பி இந்த வீட்ல இருக்க முடியாது.”

சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். நோன்பு விட்டதற்காக வீட்டைவிட்டே துரத்துவார்கள் போலிருக்கிறது என்றுதான் எனக்குப் புரிந்தது.

அவள் வாயில் போட்டது எச்.ஐ.வி.க்கான மாத்திரை. பெரிய ஆஸ்பத்திரிகளில் அதை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியிருந்த காலம் அது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, ஆயுசுக்கும். நாள் தவறினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும், பிறகு அந்த மருந்து கேட்காது. இதையெல்லாம் எனக்குப் பதினேழு வயதானபோது குப்பியே சொன்னாள். மாத்திரை குலுங்குகிற சத்தம் கேட்காமலிருக்கப் பவுடர் டப்பாவில் பஞ்சை அடைத்து, மூட்டைகளுக்கு நடுவே வைத்திருந்தாளாம். நோயாளிக்கு நோன்பு விலக்கு உண்டு என்பது அவளுக்குத் தெரியாதது இல்லை. என்ன நோய் என்று கேட்பார்களே, அதுதான் பயம். சஹரில் ஒன்று, நோன்பு திறந்ததும் ஒன்று என்று மாற்றிக்கொள்ள முடியுமா என்று டாக்டரிடம் கேட்டிருக்கலாம். ஆனால் சஹரிலும் சரி, நோன்பு திறக்கும்போதும் சரி, வீடே ஒரே தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். சிவகாசியில் ஒரு கம்பெனி ஆளுக்கு இந்த நோய் என்று தெரிந்த பிறகு, டீக்கடையில் அவருக்கு மட்டும் தனி கிளாஸ் வைத்ததை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். அந்தத் தாம்பாளத்தில் தன் கை இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அவ்வளவு ஒளிவும் மறைவும்.

எட்டு நாள் வாயைக் கட்டினேன். என் வாழ்க்கையில் அதுவே பெரிய நோன்பு.

பதினைந்தாவது நோன்பன்று வெயில் மண்டையைப் பிளந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து சாயங்கால அஸர் தொழுகைக்குக் கைகால் முகம் கழுவி ஒளு செய்யும்போது, வாய் கொப்பளிக்கிற சாக்கில் இரண்டு மடக்கு உள்ளே இறக்கிவிட்டேன். மூன்றாவது மடக்கில் பெரியம்மா மகன் பார்த்துவிட்டான். நான் அழுதேன், கெஞ்சினேன், என் பங்கு பட்டாசு முழுவதையும் தருவதாகச் சொன்னேன். ஒன்றும் எடுபடவில்லை. எல்லோரும் நோன்பு திறக்க உட்காரட்டும் என்று காத்திருந்து, பாங்கு சொல்ல ஐந்து நிமிடம் இருக்கையில் போட்டு உடைத்தான். என் தொண்டை அசைந்ததாம், தன் கண்ணால் பார்த்தானாம்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அத்தா முகம் வாடிப்போனது. பெரியம்மா, சின்னப்பிள்ளைக்குக் கடமையில்லை, வைக்க முடியாவிட்டால் வைக்காதே, வைத்ததாகப் பொய் சொல்லாதே என்று ஆரம்பித்தாள். அவ்வளவுதான். ஒரு நிமிடம் தலையைக் குனிந்திருந்தால் பேச்சு முடிந்திருக்கும், பாங்கு சொன்னதும் வடையைக் கடித்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்கவில்லை.

“என்னய மட்டும் கேக்கீக. குப்பி தெனமும் காலையில வத்தல் ரூமுக்குள்ள தண்ணி குடிக்காக.”

சொல்லும்போதே தப்பு என்று தெரிந்தது. தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்த வருடங்களும் உண்டு. அது பொய். என்மேல் இருந்த அத்தனை கண்ணும் குப்பிமேல் போனதும் எனக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவை நினைத்தால்தான் இன்றைக்கும் கூசுகிறது.

உடம்புக்கு ஏதும் செய்கிறதா என்று பெரியம்மா குப்பியைக் கேட்டாள். இரண்டாந்தரமும் கேட்டாள். ஆமாம் என்று சொல்லியிருந்தால், அடுத்த கேள்வி என்ன உடம்புக்கு என்பதுதான். குப்பி தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பசி தாங்கல மதினி. மாப்புப் பண்ணுங்க.”

முப்பத்திரண்டு வயதுப் பெண், நெஞ்சில் வைராக்கியம் உள்ளவள், அத்தனை பேர் முன்னாலும் தன்னைச் சோத்துக்கு அலைகிறவள் என்று சொல்லிக்கொண்டாள். அதற்குள் பாங்கு சொல்லிவிட்டார்கள். எல்லோரும் பேரீச்சம்பழத்தை எடுத்தோம். நானும் எடுத்தேன்.

பெரியம்மா கெட்டவள் இல்லை. குப்பியை மீட்டே தீர்வது என்று மனதார இறங்கினாள். வத்தல் அறைச் சாவி அன்றைக்கே அவள் இடுப்புக்குப் போனது. சஹரிலிருந்து இரவுத் தொழுகை முடிகிறவரை குப்பியைப் பக்கத்தை விட்டு நகரவிடவில்லை. படுக்கையையும் தன் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். பெரியம்மா குளிக்கவோ அடுப்படிக்கோ போகிற நேரத்தில் குப்பியைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமே, அந்த வேலை எனக்கு வந்தது. பள்ளிக்கூடம் கிளம்பும்வரையும், லீவு நாளில் முழுப்பகலும். ஒழுங்காகச் செய்தால் பெருநாளைக்கு ஜரிகை வைத்த பாவாடை. பாவாடையைவிட, குனிந்திருந்த தலை நிமிர்ந்ததுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. எங்கே போனாலும் குப்பி பின்னாலேயே போனேன். குளியலறை வாசலில்கூட நின்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெரியம்மா சாவியைக் கூடத்து ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போயிருந்தாள். மணி ஒன்பது ஆகிக்கொண்டிருந்தது. குப்பி ஆணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“தங்கம், ரெண்டே நிமிசம் வாசல்ல போயி நில்லு. ரெண்டே நிமிசம்.”

“மாட்டேன் குப்பி. பெரியம்மா சொல்லிருக்காக.”

அதோடு விட்டேனா? பசிக்குப் பயந்து நோன்பை விடுகிறவர்களுக்கு மறுமையில் என்னென்ன நடக்கும் என்று மதரஸாவில் படித்ததையெல்லாம் விரலை மடக்கி மடக்கி ஒப்பித்தேன். குப்பி பொறுமையாகக் கேட்டாள். கடைசியில் என் தலையைக் கோதி, நல்லாப் படிச்சிருக்க என்றாள். பெரியம்மா குளித்துவிட்டு வந்து சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பெருநாள் வந்தது. நான் ஜரிகைப் பாவாடை கட்டினேன். சாவி மறுபடி ஆணிக்கு வந்தது, டப்பாவில் மிச்சமிருந்த மாத்திரை சில நாளுக்கு வந்திருக்கும். ஆனால் மாத்திரை வாங்க மதுரைக்குப் போக வேண்டிய தேதி நோன்புக்குள்ளேயே தப்பியிருந்தது. பாதி மாதம் மாத்திரையை விட்டாயா என்று சத்தம் போடுவார்களே என்று நினைத்து அடுத்த வாரம் போகலாம் என்று இருந்திருப்பாள். அடுத்த வாரம் பயம் இன்னும் கூடியிருக்கும். நாலு நாள் தவறியவளுக்குப் போகக் கூச்சம், நாற்பது நாள் தவறியவளுக்குப் போகவே முடியாது. அடிக்கடி அழுதிருக்கிறாள். வத்தல் நெடி என்றுதான் நினைத்தோம்.

தை மாதத்தில் இருமல் பிடித்தது. சளியில் ரத்தம் வந்த அன்றைக்கு அத்தா அவளை மதுரைக்குக் கூட்டிப்போனார். பஸ்ஸில் போகும்போதுதான் குப்பி அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். காசநோய் ஒரு பக்க நுரையீரலை அரித்துவிட்டிருந்தது. அதிலிருந்து பிழைத்து இன்னும் பல வருடம் இருந்தாள், ஆனால் மாடிப்படி ஏற முடியாது. விஷயம் தெரிந்த பிறகு பெரியம்மா நாள் முழுக்க அழுதாள். அடுத்த நோன்பில் தன் கையாலேயே குப்பிக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். கூடவே ஒரு தனித் தட்டும் வைத்தாள். இருக்கிறதிலேயே பெரிய கறித்துண்டு எப்போதும் அந்தத் தட்டில்தான் விழும். ஆனாலும் அது தனித் தட்டுதான். 

நான் வேலைக்குப் போன முதல் வருடம் குப்பி மவுத்தாகி எங்களைவிட்டுப் போனாள். நோயைப் பற்றி என்னிடம் எவ்வளவோ பேசியவள், அந்த நோன்பைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. மாத்திரை நின்றது என் காவலால்தான் என்று நானாகத்தான் கணக்குப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்த பிறகும் மாப்புக் கேட்கவில்லை. கேட்டால் அவள் இல்லையென்று சாதிப்பாள், அதைத் தாங்க முடியாது என்று சாக்குச் சொல்லிக்கொண்டேன். எனக்குத் துணிவில்லை என்பதுதான் உண்மை.

அந்தத் தை மாதம் குப்பி மதுரை ஆஸ்பத்திரியில் இருந்தபோது, என்னைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாளென்று அத்தா ஒருநாள் என்னைக் கூட்டிப்போனார். மருந்து சாப்பிடும் முறையைச் சொல்லிக்கொடுக்கிற ஓர் அம்மாவுக்கு எதிரே மூவரும் உட்கார்ந்திருந்தோம். அவர் ஒரு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, ஏன் நடுவில் மாத்திரையை நிறுத்தினாய் என்று குப்பியைக் கேட்டார். குப்பி என் தலைக்கு மேலே எங்கோ பார்த்தபடி, மறந்துட்டேன் என்றாள். மறக்கிற சமாச்சாரமா இது என்று அத்தா அவளை அங்கேயே கடிந்துகொண்டார். இருமலுக்கு ஏதோ மாத்திரையை மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக் காலை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

இனிமேல் வீட்டில் யாராவது ஒருவர் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும், ஒரு நாள் கூட விடக்கூடாது என்றார் அந்த அம்மா. பிறகு விளையாட்டாக என்னைப் பார்த்து, “குப்பிய நீ பாத்துக்கிடுவியா பாப்பா?” என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எழுந்து நின்றேன்.

“போன நோன்புலயும் நான்தான் பாத்துக்கிட்டேன். ஒரு நாள் கூட விடல.”

அத்தா ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தார். குப்பி சட்டென்று என்னைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டாள்.

“ஆமா, விடல” என்றாள்.

நான் அந்த அம்மா அதை நோட்டில் எழுதிக்கொள்கிறாரா என்று பார்த்தேன்.